மால்கம் வெறும் புறா அல்ல

கேள்வி: எடின்பரோவில் இருக்கும் என் மகள், பிறந்த பையனுக்கு மால்கம் என்று பெயர் வைக்கப் போகிறாளாம். 'புறா' என்று அர்த்தமாம். மால்கம் ஆதிசேஷய்யா என்று நம்மூர்ப் பொருளாதார அறிஞரே இருந்தார், சரி. ஆனாலும் ஆங்கிலேயர் பெயர் நமக்கு எதற்கு?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: ஆங்கிலேயர் பெயர் என்று எடின்பரோவில் போய்ச் சொல்லிவிடாதீர்கள், சம்பந்தி வீட்டார் சண்டைக்கு வருவார்கள். இது ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்காரர்களின் பழைய மொழியான கேலிக்கில் வந்த அசல் பெயர்.

அர்த்தமும் பாதிதான் சரி. மாயெல் கொலும் என்பதுதான் மால்கம் ஆனது. கொலும் என்றால் புறா. மாயெல் என்றால் மழித்த தலை. துறவிகள் மழித்துக்கொள்வார்களே, அது. அதனால் அடியார் என்றும் பொருள். இங்கே புறா என்பது 563-ல் அயர்லாந்திலிருந்து போய் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் நிறுவிய புனித கொலம்பா. ஆக, உங்கள் பேரன் கொலம்பாவின் அடியார். புனிதர் பெயரை அப்படியே பிள்ளைக்கு வைக்கக் கூசிய காலம் அது. முன்னால் மாயெல் என்றோ கில்லெ என்றோ சேர்த்துக்கொள்வார்கள். மால்கம் மார்ஷல், ஆடம் கில்கிறிஸ்ட் இருவரையும் கிரிக்கெட்டில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பெயரிலும் இதே பணிவுதான். கில்கிறிஸ்ட் என்றால் கிறிஸ்துவின் ஊழியர்.

அந்தப் புறா ஒன்றும் லேசுப்பட்டதல்ல. இன்னொருவருடைய சங்கீதப் புத்தகத்தை (பாட்டுப் புத்தகமல்ல, பைபிளில் வரும் சங்கீதங்கள்) கேட்காமல் நகலெடுத்தாராம். பஞ்சாயத்து அரசரிடம் போனது. "பசுவுக்குக் கன்று, புத்தகத்துக்கு நகல்" என்று தீர்ப்பாகி, நகல் கைவிட்டுப் போக, 561-ல் பெரும் போரே மூண்டது என்பது கதை. அந்த நகல் இதுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஏடு டப்ளினில், ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தை நான்கு மால்கம்கள் ஆண்டிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் மக்பெத்தை வீழ்த்தினாரே, அவர் மூன்றாமவர். அவர் மணந்தது மார்கரெட் என்ற ஆங்கில இளவரசியை. அவர்களுக்கு ஆறு மகன்கள்: எட்வர்ட், எட்மண்ட், எதெல்ரெட், எட்கர், அலெக்சாண்டர், டேவிட். ஒருவருக்காவது கேலிக் பெயர் உண்டா? அம்மா வீட்டுப் பக்கம் எவ்வளவு பலம் என்று பாருங்கள்! கொள்ளுப்பேரன்தான் நான்காம் மால்கம். 1165-ல் அவர் இறந்த பிறகு அந்தப் பெயரில் ஒரு ராஜா வரவில்லை. ஊர் ஜனங்கள் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

புறாதான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால் கேலம் என்று வைக்கச் சொல்லுங்கள். அது கொலம்பாவின் பெயரேதான். அங்கே தெருவுக்கு நாலு கேலம் இருப்பார்கள். என் ஓட்டு மால்கமுக்கே.