வெட்டப்படும் மரங்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நான் குலசேகரத்துக்காரி. ரப்பர் வெட்டுக்காரர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதல் இயலை 'கதை மாதிரி இருக்கு, ஆய்வு நடை இல்லை' என்று நெறியாளர் திருப்பிவிட்டார். 'நான்' வரவே கூடாதாம். திருத்திய பிறகு வாசித்தால் எனக்கே புரியவில்லை. இரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன். ஆய்வு நடை என்றால் இப்படித்தானா?

தங்கச்சிக்கு,

அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டதால் ஒருமையிலேயே எழுதுகிறேன். 'ஆய்வாளரால் தொழிலாளர்களிடம் நேர்காணல் மேற்கொள்ளப்பட்டது' என்று இருக்கிறது. முதலில் 'வெட்டுக்காரர்களிடம் பேசினேன்' என்றுதான் எழுதியிருப்பாய். பேசினேன் என்றாலே அதற்குள் நான் இருக்கிறது, தனியாகப் போட வேண்டாம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால், மலையாளத்தில் இந்த வசதி கிடையாது, 'சம்சாரிச்சு' என்றால் நானா அவனா அவளா என்று தெரியாது, 'ஞான்' என்று சொல்லியே ஆகவேண்டும். நம்மிடம் விகுதி இருக்கும்போது 'ஆய்வாளரால்' என்று மூன்றாம் மனுஷியாகப் போய் நிற்பது எதற்கு? 'நான்' இல்லாமல் வெறும் 'பேசினேன்' என்று எழுதிக் கொடுத்துப் பார், நெறியாளர் கண்ணில் படாமலே போகலாம்.

அப்புறம், 'அதிகாலையில் மரங்கள் வெட்டப்படுகின்றன'. நமக்கு அது பால்வெட்டு. மதுரைக்காரர் வாசித்தால் தோட்டத்தையே அழிக்கிறார்கள் என்று பதறிப்போவார். அதற்காக அடுத்த பத்தியில் 'இரப்பர்ப்பால் சேகரிப்புச் செயல்பாடு' என்று மாற்றியிருப்பதும் சரியில்லை. பால் எடுப்பது வேறு வேலை இல்லையா, வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிந்து நின்ற பிறகு வாளியோடு திரும்பப் போவது. 'பட்டையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவிப் பாலை வடியவிடுவதை இங்கே பால்வெட்டு என்பார்கள்' என்று முதலிலேயே ஒரு வரி சொல்லிவிட்டு, கடைசிவரை பால்வெட்டு என்றே எழுது. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவதும் குறையும், அதனால்தான் விடியுமுன்னே போகிறார்கள் என்பதும் அங்கேயே வரட்டும்.

செயப்பாட்டுவினையே கூடாது என்று சொல்ல மாட்டேன். 'ரப்பர் ஷீட் புகையில் உலர்த்தப்படுகிறது', சரி, யார் உலர்த்தினால் என்ன. ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'மழைக்காலத்தில் கூலி குறைக்கப்படுகிறது' என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, அங்கே நின்றுவிட்டேன். யார் குறைத்தது? தோட்ட முதலாளியா, காண்ட்ராக்டரா, இல்லை மழையில் வெட்டு நின்று வேலைநாள் குறைந்ததால் கையில் வரும் காசு குறைந்ததா? ஒவ்வொன்றும் வேறு வேறு ஆய்வு. தெரிந்திருந்தும் எழுதவில்லையா, கேட்க விட்டுப்போனதா என்று அந்த வரியை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவில்லை என்றால் மழை விட்டதும் இன்னொரு தடவை தோட்டத்துக்குப் போய்விட்டு வா, அப்புறம் அடுத்த இயலை அனுப்பு.