சீனியைக் காய்ச்சினால் பழச்சர்க்கரை வருமா?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நன்னாரி சர்பத்தும் தீபாவளிப் பலகாரமும் செய்து விற்கிறேன். சீனியிலிருந்து எடுத்த 'பழச்சர்க்கரைப் பாகு' என்று ஒரு தரகர் காட்டினார். விலை சீனியைவிடப் பல மடங்கு. வாங்கலாமா, நானே காய்ச்சிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் அடுப்பில் பாதி வேலைதான் நடக்கும். சீனி என்பது குளுக்கோஸும் பிரக்டோஸும் (இதுதான் பழச்சர்க்கரை) கோத்த ஜோடி. ஒரு கிலோ சீனி, அரை லிட்டர் தண்ணீர், ஒரு கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) சேர்த்து மெல்லிய தீயில் 20, 30 நிமிடம் வைத்தால் பெரும்பகுதி ஜோடி பிரிந்துவிடும். தீ கூடினால் பாகு சிவந்து கசக்கும். கிடைப்பது இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த இன்வர்ட் பாகு. பழச்சர்க்கரை அல்ல.

ஆலையிலும் முதல் படி இதுதான்; அமிலத்துக்குப் பதில் இன்வர்டேஸ் நொதி போடுவதும் உண்டு. கஷ்டம் அடுத்த படியில். கால்சியம் ஏற்றிய பிசின் மணிகள் நிரப்பிய உயரமான குழாய்களில் பாகை விட்டுச் சுடுநீர் பாய்ச்சுவார்கள். குளுக்கோஸ் முன்னால் ஓடிவிடும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பிரக்டோஸ் பின்தங்கி வரும், அதுவும் நீர்த்து வரும். அதைச் சுண்டவைக்க வேண்டும். 100 கிலோ சீனிக்கு அதிகபட்சம் 52.6 கிலோ பிரக்டோஸ். மீதிக் குளுக்கோஸுக்கும் ஆள் தேட வேண்டும். விலை ஏறுவது இதனால்தான்.

தரகர் பிரிக்ஸ் மானியை நீட்டி '77 காட்டுகிறது பாருங்கள்' என்பார். மயங்காதீர்கள். அது பாகின் கெட்டித்தன்மையைச் சொல்லும். உள்ளே இருப்பது எந்தச் சர்க்கரை என்று சொல்லாது. எந்தச் சர்க்கரை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. ஆய்வறிக்கை கேளுங்கள். நீர் நீக்கிய எடையில் பிரக்டோஸ் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா? 50ஐ ஒட்டி இருந்தால் நீங்கள் வீட்டிலேயே காய்ச்சக்கூடிய பாகு. 42, 55 என்றால் பெரும்பாலும் சோள மாவிலிருந்து வந்தது. அறிக்கையின் தொகுதி எண் பீப்பாயில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பழைய தாளை நகலெடுத்து நீட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பீப்பாயில் உள்ள சத்து அட்டவணையை நம்பிப் பயனில்லை. எல்லாவற்றையும் 'சர்க்கரை' என்று ஒரே வரியில் அடைத்துவிடுகிறார்கள்.   'நீரிழிவுக்காரருக்கு நல்லது' என்று தரகர் அச்சடித்துத் தரும் ஒட்டியைத் தொடாதீர்கள். பாதி குளுக்கோஸ் உள்ள பாகுக்கு அதை ஒட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பலகாரத்துக்குப் பழச்சர்க்கரை வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் லட்டு கசிந்து பிசுபிசுக்கும். அதிரசம் உள்ளே வேகுமுன் மேலே கருகும்.

சர்பத் மட்டும் விதிவிலக்கு. பிரக்டோஸின் இனிப்பு குளிர்ச்சியில்தான் சீனியை அதிகம் மிஞ்சும். சூடான தேநீரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஐஸ் போட்டுக் கொடுப்பதானால் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். ஆனால் காய்ச்சிய சூட்டில் ருசி பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். சூட்டில் இனிப்பு குறைவாகத் தெரிந்து, கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள். கலந்து, ஐஸ் போட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.