வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி: வாங்குமுன் எதைக் கேட்பது?

கேள்வி: குளிர் மிகுந்த பகுதியில் வீடு கட்டி வருகிறோம். சுவர்களுக்கும் கூரைக்கும் நல்ல வெப்பக்காப்பு கொடுத்திருப்பதால், வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி அவசியம் என்கிறார்கள். ஒரு விற்பனையாளர் தமது கருவி 90 சதவீத வெப்பத்தை மீட்கும் என்று உறுதி கூறுகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் அந்த 90 சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். சமையலறையிலும் குளியலறையிலும் உறிஞ்சப்படும் வெதுவெதுப்பான காற்றும், வெளியிலிருந்து வரும் குளிர்ந்த காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் எதிரெதிர்த் திசையில், ஒன்றோடொன்று கலக்காமல் செல்லும்போது, வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் காற்றுக்குக் கைமாறுகிறது. வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால், 80 சதவீதத் திறனுள்ள கருவி படுக்கையறைக்குச் சுமார் 16 டிகிரிக் காற்றைத் தரும். நால்வர் வசிக்கும் வீட்டுக்குத் தலைக்கு 30 கன மீட்டர் வீதம், மணிக்கு 120 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை ஜன்னல் வழியாகப் பெற்றால் சுமார் 800 வாட் வெப்பம் இடைவிடாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதில் ஏறத்தாழ 650 வாட்டை இக்கருவி மீட்டுத் தரும். நல்ல கருவியின் இரு விசிறிகளுக்கும் சேர்த்து 50 வாட் அளவு மின்சாரம் போதும்.

காற்று கருவியின் வழியாகவே வந்து போனால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலும் மின்குழாய் நுழையும் துளையிலும் கசியும் காற்றிலிருந்து எந்தக் கருவியாலும் வெப்பத்தை மீட்க முடியாது. மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் உருவான பாஸிவ் ஹவுஸ் தரம், 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் மணிக்கு 0.6 முறைக்கு மேல் வீட்டுக் காற்று மாறக் கூடாது என்கிறது. ஆகவே வாசலில் பெரிய விசிறியைப் பொருத்திச் செய்யும் கசிவுச் சோதனையை, உட்பூச்சு வேலைகள் முடிந்து ஓட்டைகள் மறைந்துபோவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

அதே தரம் கருவிக்குக் குறைந்தது 75 சதவீத மீட்புத் திறனையும், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.45 வாட்-மணி என்ற அளவுக்கு மிகாத மின்செலவையும் வரம்பாக வைத்திருக்கிறது. விற்பனையாளரிடம் அந்த 90 சதவீதம் எந்தக் காற்றளவில் அளக்கப்பட்டது என்று கேளுங்கள். காற்று மெதுவாக ஓடும்போது திறன் கூடுதலாகவே தெரியும். உங்கள் வீட்டுக்குத் தேவையான அளவில் என்ன திறன் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கருவியைவிடப் பொருத்தும் வேலையில்தான் பணம் வீணாவதை அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் இரைச்சல் தாங்காமல் படுக்கையறையின் காற்றுவாயைத் துணியால் அடைத்து வைத்திருந்தார்கள். குறுகலான குழாயில் அதிகக் காற்றைத் தள்ளியதும், இரைச்சல் அடக்கி பொருத்தாததுமே காரணம். நல்ல கருவி அங்கே வீணாகச் சுழன்றுகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு காற்றுவாயிலும் காற்றளவை அளந்து, உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருப்பதைக் காட்டும் அளவீட்டுத் தாளைக் கொடுத்த பிறகே கடைசித் தவணையைத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். கருவிக்கும் வெளிச்சுவருக்கும் இடையிலுள்ள குளிர்ந்த குழாய்களுக்கு இடைவெளியின்றி வெப்பக்காப்பு உறை இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்; உறை விட்டுப்போன இடத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும்.

கேள்வி: ஈரப்பதத்தையும் மீட்கும் வகை ஒன்று இருக்கிறதாமே, எதை எடுப்பது?

பதில்: குளிர்காலத்தில் வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு. அதைச் சூடாக்கி உள்ளே விடும்போது தொண்டை வறண்டுபோகும். பெரிய வீட்டில் ஓரிருவர் மட்டும் வசித்தால் ஈரத்தைக் கடத்தும் சவ்வு கொண்ட வகையே நல்லது. சிறிய வீட்டில் பலர் வசித்து, துணியும் உள்ளேயே உலர்த்தினால், சாதாரண வகையே ஈரத்தை வெளியேற்றிச் சுவரில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும்.

கேள்வி: அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியையும் இதே கருவியோடு இணைக்கலாமா?

பதில்: கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு தகடுகளிலும் குழாய்களிலும் படிந்து, கருவியையே கெடுத்துவிடும். தீ பரவும் அபாயமும் உண்டு. அடுப்புக்குத் தனி ஏற்பாடு செய்துகொண்டு, கருவிக்கான உறிஞ்சுவாயை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் முகப்பிலும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்கட்டும்.