ஒரே பள்ளி, ரெண்டு பேச்சு: யாரை நம்புவது?

கேள்வி: தெரிந்தவர் ஒருவர், தன் பிள்ளை படிக்கும் தனியார் பள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்கிறார். அதே பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் இன்னொருவரோ, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் பள்ளியைப் பற்றி அல்ல, தங்கள் பிள்ளைக்கு வாய்த்த வகுப்பாசிரியரைப் பற்றி. ஒரே பள்ளிக்குள்ளேயே ஆசிரியருக்கு ஆசிரியர் பெரிய வித்தியாசம் உண்டு என்பதை ரிவ்கின், ஹனுஷெக், கெய்ன் என்ற மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2005இல் காட்டியிருக்கிறார்கள். அதனால் 'நல்ல ஸ்கூல்' என்று யாராவது சொன்னால், எந்த வகுப்பு, எந்த ஆசிரியர், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேளுங்கள். போன வருடமே வேலையை விட்டுப் போயிருந்தால் அந்தப் பரிந்துரை பாதி காலாவதி.

அப்புறம், வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பதை எந்தப் பெற்றோரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. போன் செய்தால் ஆசிரியர் பேசுகிறாரா, பெற்றோர் கூட்டத்தில் சிரித்த முகமாக இருந்தாரா, இதையெல்லாம் வைத்துத்தான் மார்க் போடுகிறோம். இவையும் வேண்டியவைதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் கற்பிப்பது வேறு. முடிந்தால் அந்தப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக், கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதானா, அல்லது எந்த வரியில் தப்பு என்று வட்டம் போட்டு, மறுநாள் அதே கணக்கைத் திரும்பப் போட வைத்திருக்கிறார்களா? மதிப்பெண்ணைக் காட்டினால் டியூஷன் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள், பல வீடுகளில் உழைப்பு டியூஷன் ஆசிரியருடையது, பெயர் பள்ளிக்கு.

இன்னொன்று. நிறையப் பணம் கட்டிச் சேர்த்தவர், எடுத்த முடிவு தப்பு என்று லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆள் சேர்த்துவிட்டால் கட்டணத்தில் தள்ளுபடி தரும் பள்ளிகளும் உண்டு, அப்படி ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்பது சங்கடம்தான், ஆனாலும் கேளுங்கள்.

பள்ளி அலுவலகத்திலும் ஒரு கேள்வி: கடந்த ஓராண்டில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? கட்டடத்தைச் சுற்றிக் காட்ட அரை மணி நேரம் செலவழிப்பவர்கள் இதற்கு மட்டும் மழுப்பினால், முன்பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.