காய்கறிப் பாத்தியில் களை: மாவும் பிண்ணாக்கும் உதவுமா? கேள்வி பதில்

கேள்வி: ஸ்டார்ச் ஆலைகளில் மிஞ்சும் மக்காச்சோள குளூட்டன் மாவு களையைக் கொல்லுமா?

பதில்: வளர்ந்த களையை ஒன்றும் செய்யாது. முளைவிடும் விதையில் வேர் உருவாவதைத்தான் தடுக்கும். முளை எட்டிப் பார்க்கும். வேர் இல்லாததால் மண் காய்ந்ததும் கருகிவிடும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் நிக் கிறிஸ்டியன்ஸ் இந்தப் பயன்பாட்டுக்கு 1991இல் காப்புரிமை பெற்றார். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் தூவி, மேல்மண்ணில் லேசாகக் கிளறி, ஒருமுறை நீர் விடுங்கள். களை முளைவிடும் நேரத்தில் ஓரிரு நாள் பாத்தி காய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஈரம் தொடர்ந்தால் களை மீண்டும் வேர்பிடித்துவிடும். நீங்கள் தூவியது வெறும் உரமாகிவிடும்.

கேள்வி: கேரட், கீரை விதைத்த பாத்தியில் தூவலாமா?

பதில்: கூடவே கூடாது. களை விதை, கீரை விதை என்ற பேதம் அதற்குத் தெரியாது. நன்றாக வேரூன்றிய தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளைச் சுற்றித் தூவலாம்.

கேள்வி: தூவிய பிறகு பழைய களைகள் முன்பைவிடச் செழித்துவிட்டன. ஏன்?

பதில்: அந்த மாவின் எடையில் சுமார் 10 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. களைக்கு விருந்து வைத்துவிட்டீர்கள்! முதலில் களையெடுப்பு, பிறகுதான் மாவு.

கேள்வி: கடுகுப் பிண்ணாக்கு?

பதில்: நல்ல தேர்வுதான், ஆனால் எப்படி எண்ணெய் எடுத்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஈரம் பட்டதும் கடுகிலுள்ள குளுக்கோசினோலேட்டுகள் என்ற சேர்மங்களை மைரோசினேஸ் என்ற நொதி சிதைக்கிறது. அப்போது வெளிவரும் காரமான ஐசோதயோசயனேட்டுகளே முளைப்பைத் தடுக்கின்றன. கடும் சூட்டில் பிழிந்த பிண்ணாக்கில் அந்த நொதி செயலிழந்திருக்கும். இந்தக் காரம் பயிரையும் தாக்கும். எனவே நடவுக்குச் சில வாரங்கள் முன்பே மண்ணில் கலந்து, நீர் விட்டு, ஆற விடுங்கள்.

கேள்வி: கோரைக்கு எது போடலாம்?

பதில்: இவை எதுவும் வேண்டாம். அது கிழங்கிலிருந்து கிளம்புகிறது. கிழங்கோடு தோண்டி எடுப்பதே வழி.

கேள்வி: மரத்தூளை மூடாக்காகப் போடலாமா?

பதில்: மேலே பரப்பலாம், மண்ணில் கலக்காதீர்கள். கலந்தால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், பயிர் வெளிறும். கருப்பு வால்நட் மரத்தூளாக இருந்தால் தக்காளிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள ஜக்லோன் என்ற வேதிப்பொருள் செடியை வாட்டிவிடும்.