மயிலைப் பசுவும் செவலைக் கன்றும்

கேள்வி: நான் சென்னையில் வளர்ந்தவள். கணவருக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கல்யாணமாகி எட்டு மாதம். கோவையில் வேலை, வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போவோம். முதல் தடவை போனபோது சாம்பல் நிறப் பசுவிடம் ஒரு செம்பழுப்புக் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. "கன்று மாறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டேன். விருந்துக்குப் போகும் வீட்டிலெல்லாம் கணவர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். மாட்டைக் கண்டால் பயம் வேறு. நான் எப்படிப் பழகுவது?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: நல்ல கேள்விதானே கேட்டிருக்கிறீர்கள்! காங்கேயம் இனக் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும். ஆறு மாத வாக்கில்தான் அந்தச் சிவப்பு போய் மயிலை நிறம், அதாவது நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் வரும். காளையாக இருந்தால் பிறகு திமிலும் கழுத்தும் கறுத்துவிடும். தாய்க்கும் பிள்ளைக்கும் நிறம் ஒட்டவில்லையே என்று முதல் பார்வையிலேயே உங்களுக்குப் பட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்தவருக்கு அதைக் கேட்கவே தோன்றியிருக்காது.

ஒரு தரம் சிரித்தால் சரி, நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம். விருந்துக்கு விருந்து சொன்னால், காரில் திரும்பும்போது "அது எனக்குச் சங்கடமா இருக்கு, இனிமே வேண்டாம்" என்று நேராகச் சொல்லுங்கள். ஜாடையாகச் சொன்னால் பல ஆண்களுக்கு விளங்குவதில்லை.

அப்புறம், ஆசிரியரை மாற்றுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு மாடு தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. கட்டுத்தரையில் தினமும் நிற்பவர் உங்கள் மாமியாராகத்தான் இருப்பார். காலையில் அவர் சாணி வழிக்கப் போகும்போது கூடவே போய், சோளத்தட்டு அள்ளிப் போடுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். கையில் தீனியோடு வரும் ஆளை மாடு சீக்கிரம் அடையாளம் வைத்துக்கொள்ளும். பால் கறக்க அவசரப்படாதீர்கள். புது ஆள் கை வைத்தால் பாலை அடக்கிக்கொள்ளும், உதைத்தாலும் உதைக்கும்.

நானும் டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டவள்தான். மாடு கடித்துவிடும் என்று ஒரு வருஷம் தள்ளியே நின்றேன். ஒரு நாள் என் மாமியார் பசுவின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். மேலே முன்பல்லே கிடையாது, வெறும் ஈறு! கீழ்ப்பல்லை வைத்துத்தான் வயசு சொல்கிறார்கள். பால்பல் விழுந்து இரண்டு பல் போட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டரை வயது. எட்டுப் பல்லும் வந்து கடை சேர்ந்துவிட்டால் ஐந்தை ஒட்டி. மாட்டுத்தாவணியில், அதாவது சந்தையில், மாடு வாங்குகிறவர்கள் முதலில் வாயைத்தான் பார்ப்பார்கள்.

பயப்பட வேண்டியது பல்லுக்கு அல்ல, பின்னங்காலுக்கு. மாட்டுக்கு நேர் பின்னால் வருவது தெரியாது. அதனால் பின்பக்கமாக ஓசையில்லாமல் போகாதீர்கள். குரல் கொடுத்துக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகப் போய், முதலில் கழுத்தடியில் சொறிந்துவிடுங்கள். காது பின்னால் மடங்கி, வால் வெடுக்கென்று அடித்தால் விலகிவிடுங்கள். கன்று ஈன்று சில நாளே ஆன பசுவிடம் இது எதுவும் வேண்டாம், அது பழகிய ஆளையே முட்டும்.

அடுத்த முறை போகும்போது அந்தச் செவலைக் கன்றைத் தேடுங்கள். நீங்கள் முதலில் பார்த்து எட்டு மாதம் ஆகிவிட்டதே, அடையாளம் தெரியாது. எது என்று அத்தையிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.