ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் வரிக் கேள்விகள்

கேட்டவர்களின் பெயரைப் போடாமல், அவர்கள் இருக்கும் பகுதியை மட்டும் போட்டிருக்கிறேன். இந்திய வருமான வரிதான் என் துறை. தென்னாப்பிரிக்க வரியில் திரும்புகிறவர்களுக்குத் தேவையான அளவு சொல்கிறேன்.

சன்னிங்ஹில்: அண்ணா, 11 வருடமாக இங்கே இருக்கிறேன். 2026 ஆகஸ்ட் 25 அன்று குடும்பத்தோடு கோயம்புத்தூர் திரும்புகிறோம். ஆர்.என்.ஓ.ஆர். சலுகை மூன்று வருடம் கிடைக்குமா?

பதில்: டிக்கெட் போடும் முன்னால் கேட்டீர்களே, நல்லது. ஆர்.என்.ஓ.ஆர். என்பது ஊர் திரும்பி ரெசிடென்ட் (இந்திய வரிவாசி) ஆனாலும், முழு ரெசிடென்டாகக் கருதாத இடைக்கால நிலை. அந்த நிலையில் இருக்கும்வரை இங்குள்ள வங்கி வட்டி, ஷேர் லாபம், வீட்டு வாடகை எதற்கும் இந்தியாவில் வரி கிடையாது. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு வருமானத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

இதற்கு இரண்டு வழிகள், ஒன்று போதும். முந்தைய 10 நிதியாண்டில் 9-ல் என்.ஆர்.ஐ.யாக இருந்திருக்க வேண்டும். அல்லது முந்தைய 7 நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாள் 729-ஐத் தாண்டக்கூடாது. முதல் வழியில் உங்களுக்கு 2026-27, 2027-28 இரண்டும் கிடைத்துவிடும். 2028-29-க்கு இரண்டாவது வழிதான்.

வருடம் 30 நாள் லீவில் போனதாக வைத்துக்கொள்வோம். 2028-29-க்கு முந்தைய ஏழில், முதல் ஐந்து வருடத்துக்கு 150. ஆகஸ்ட் 25-ல் இறங்கினால் அந்த நிதியாண்டில் 219 நாள். அடுத்த நிதியாண்டில் 2028 பிப்ரவரி 29 வருகிறது, அதனால் 366. மொத்தம் 735. ஆறு நாளில் ஒரு முழு வருடச் சலுகை போய்விடும். அதே பயணம் செப்டம்பர் 25 என்றால் 188, மொத்தம் 704, மூன்றாவது வருடமும் கிடைக்கும். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள உண்மையான நாள்களை வைத்துக் கூட்டிப் பாருங்கள். இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள்; அதுதான் பாதுகாப்பு.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இ-கேட் வழியாகப் போனால் முத்திரை விழாது, போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துங்கள்.

மிட்ராண்ட்: 2023 ஜூலையில் வந்தேன், அதற்குப் பிறகு ஊருக்கே போகவில்லை. 2026 டிசம்பரில் ஒரேயடியாகத் திரும்புகிறேன். 182 நாள் ஆகாது, அதனால் இந்த வருடம் என்.ஆர்.ஐ.தானே?

பதில்: இல்லை. 182 நாள் ஒரு விதி மட்டுமே. அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டில் 365 நாளும் இந்தியாவில் இருந்தாலும் நீங்கள் ரெசிடென்ட்தான். அந்த 60-ஐத் தளர்த்தும் சலுகை, ஊரைப் பார்க்க வந்து போகிற இந்தியருக்கு. நிரந்தரமாகத் திரும்புகிறவர் அதை நம்பக்கூடாது. 2022-23 முழுக்க ஊரில் இருந்தவர் நீங்கள், 365 அங்கேயே ஆகிவிட்டது. ஆர்.என்.ஓ.ஆர். வழி இரண்டும் உங்களுக்கு மூடிவிட்டது. ஏப்ரலிலிருந்து இங்கே வாங்கிய சம்பளத்தையும் இந்தியாவில் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரியை இரட்டை வரி ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம், ஆனால் தாள் வேலை முழுதும் உங்கள் தலையில்.

முடிந்தால் பிப்ரவரி 1 வரை தள்ளிப் போடுங்கள். மார்ச் 31 வரை 59 நாள்தான் ஆகும்.

ராண்ட்பர்க்: ஆர்.என்.ஓ.ஆர். முடியும்வரை என்.ஆர்.ஈ. டெபாசிட் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ஊர் வங்கியில் ரூபாயில் போட்டது) வட்டிக்கு வரி இல்லை அல்லவா?

பதில்: உண்டு. திரும்பிய நாளிலிருந்து உண்டு.

ராண்ட்பர்க்: சென்னையில் என் வங்கி மேலாளர் இல்லை என்கிறாரே சார்.

ஃபோர்வேஸ்: எங்கள் ஆடிட்டரும் அப்படித்தான் சொன்னார். நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: இதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். என்.ஆர்.ஈ. வட்டி விலக்கு வருமான வரிச் சட்டத்தின் நாள் கணக்கைப் பார்ப்பதில்லை. ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டப்படி வெளிநாட்டில் குடியிருப்பவருக்கே அது. வேலைக்கோ தொழிலுக்கோ, இனி இங்கேதான் என்றோ திரும்பினால் அன்றே அந்தச் சட்டப்படி நீங்கள் இந்தியவாசி. டெபாசிட் முதிர்வு வரை ஓடலாம், ஒப்புக்கொண்ட வட்டியும் வரும்; விலக்கு மட்டும் போய்விடும்.

ஆடிட்டர் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை (வெளிநாட்டு நாணயத்திலேயே என்.ஆர்.ஐ. போடுவது) மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அதன் வட்டிக்கு ஆர்.என்.ஓ.ஆர். வரை விலக்கு உண்டு. ஆர்.எஃப்.சி. கணக்குக்கும் (திரும்பியவர் வெளிநாட்டு நாணயத்தில் வைத்துக்கொள்வது) அப்படியே. திரும்பியதும் என்.ஆர்.ஈ. பணத்தை ஆர்.எஃப்.சி.க்கு மாற்றிக்கொள்ள முடியும்.

ஃபோர்வேஸ்: அப்படியானால் வங்கி ஏன் வரி பிடிப்பதில்லை?

பதில்: நீங்கள் திரும்பியதை வங்கிக்குச் சொல்லவில்லை, அதனால். சொல்வது உங்கள் கடமை. பிடிக்காததால் வரி இல்லை என்று ஆகாது. இதற்கு மேல் இந்த விவாதம் வேண்டாம்.

சாண்ட்டன்: ஆர்.என்.ஓ.ஆர். எத்தனை வருடம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

பெனோனி: ஒர்க் விசா முடிந்து கிளம்புகிறேன். ரிட்டயர்மென்ட் ஆன்யூட்டி (ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை எடுக்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டுமாமே?

பதில்: 2021 மார்ச் 1 முதல் வந்த மூன்று வருட விதி, தென்னாப்பிரிக்க வரிவாசி நிலையை விட்டுப் போகிறவர்களுக்கு. ஒர்க் விசா காலாவதியாகிக் கிளம்புகிறவருக்குத் தனி வழி உண்டு. விசா நகலோடு ஃபண்டில் கேளுங்கள். பணம் முதலில் இங்குள்ள ராண்ட் கணக்கில் விழட்டும், அப்புறம் ஊருக்கு அனுப்புங்கள். வருமானத்தை நேரே இந்தியக் கணக்கில் வாங்கினால், அதை இந்தியாவில் பெற்றதாகக் கொண்டு ஆர்.என்.ஓ.ஆர்.க்கும் வரி போட இடமுண்டு.

டர்பன், சாட்ஸ்வொர்த்: நான் இங்கேயே பிறந்தவன். துபாயில் வேலை, அடுத்த வருடம் வீடு திரும்புகிறேன்.

பதில்: உங்களுக்கு இந்திய விதி எதுவும் பொருந்தாது. 12 மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே, அதில் 60 நாளுக்கு மேல் தொடர்ச்சியாக என்றால் வெளிநாட்டுச் சம்பளத்தில் 12.5 லட்சம் ராண்ட் வரை விலக்கு. மீதியை உள்ளூர் வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

கெம்ப்டன் பார்க்: நகை எவ்வளவு கொண்டு போகலாம்?

பதில்: அது சுங்கத்துறை விஷயம்.

எடன்வேல்: எட்டு வருடமாக இருக்கிறேன். கிளம்பிய பிறகு சார்ஸுக்கு (தென்னாப்பிரிக்க வரித்துறைக்கு) ஏதாவது பாக்கியா? வீட்டை விற்க ஆறு மாதத்தில் ஒரு தடவை வர வேண்டியிருக்கும்.

பதில்: முந்தைய ஐந்து ஆண்டு, இந்த ஆண்டு ஒவ்வொன்றிலும் 91 நாளுக்கு மேல், அந்த ஐந்தில் மொத்தம் 915 நாளுக்கு மேல் இங்கே இருந்திருந்தால் நீங்கள் தென்னாப்பிரிக்க வரிவாசி. சென்னை வாடகையும் இங்கே கணக்கில் வரும். அதிலிருந்து விடுபட, கிளம்பியபின் தொடர்ந்து 330 முழு நாள் வெளியே இருக்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் வந்து போனாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. கிளம்பும் முன்பே வக்கீலுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டு, விற்பனையை அவர் மூலம் முடியுங்கள்.